பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மக்காவுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நீ கேட்டிருந்த விஷயம் அவசரமாகப் பதில் எழுதுகிற விஷயமில்லை. அதனால்தான் இந்தத் தாமதம்.

முதலில் ஊர்ச் சேதி. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ரப்பரில் பால்வெட்டு ஒழுங்காக நடக்கவில்லை, தம்பி புலம்பிக்கொண்டே இருக்கிறான். அம்மாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். நம்முடைய பழைய வாசகசாலைக்குப் புது ஓடு போட்டாயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் அதைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. பஸ் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகள் வருகிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் சிலர். நாம் படித்த காலத்தில் அங்கே வந்ததைவிட இப்போது பெண்பிள்ளைகள் அதிகம். அது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பேச்சைக் குறைத்துவிட்டாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள், மார்க் இறங்கிவிட்டது, தன்னம்பிக்கை வருகிற மாதிரி நாலு புத்தகம் சொல்லு என்று எழுதியிருந்தாய். கேட்டுக்கோ மக்கா, தன்னம்பிக்கைப் புத்தகம் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை ‘உன்னால் முடியும்’ என்று ஆரம்பிக்கின்றன. மனசு நொந்திருக்கிற பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் தெரியுமா? ‘முடியாவிட்டால் குற்றம் என்மேல்தான்’ என்று. பிள்ளைகளுக்கு வருகிற பல கஷ்டங்கள் அவர்களுக்கு நம்பிக்கை குறைந்ததால் வருவதில்லை. யாரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டிருப்பார்கள். யாரோ சாதியைச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும்; அதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

நான் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தன்னைப் பற்றிப் பேச முடியாத பிள்ளை, கதையில் வரும் ஒருத்தியைப் பற்றிப் பேசும். அந்த ஒருத்தியைப் பற்றிப் பேசிப் பேசித்தான் தன்னிடம் வரும்.

ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் ஒன் படிக்கிறாள், வந்தால் ஓரமாக உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் பாமாவின் ‘கருக்கு’ எடுத்துக் கொடுத்தேன். 1992இல் வந்த புத்தகம், தன் வாழ்க்கையைப் பேச்சுத் தமிழிலேயே எழுதியிருப்பார். அதில் ஒரு இடம் உனக்கு நினைவிருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். சிறுபிள்ளையான பாமாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்காது. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணனிடம் சொல்வார். அண்ணன் சிரிக்கமாட்டார். அந்தப் பொட்டலத்தை அவர் கைபட்டால் நிலக்காரர் சாப்பிடமாட்டார், அதனால்தான் அப்படித் தூக்குகிறார் என்று விளக்குவார். இந்தப் பிள்ளை அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை. விரலை இடையில் வைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்து, “எங்க பாட்டிக்கும் வேலைக்குப் போற வீட்டில தனித் தம்ளர்தான் சார்” என்றாள். அவ்வளவுதான். நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விளக்குப் போட்ட பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒருவன் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதற்கப்புறம் நானும் அவள் வகுப்பாசிரியையும் செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆனால் நான் நேராக உட்காரவைத்து ‘உனக்கு என்ன பிரச்சினை’ என்று கேட்டிருந்தால் ‘ஒண்ணுமில்ல சார்’ என்றுதான் சொல்லியிருப்பாள். உன் மகளும் உன்னிடம் அதையேதான் சொல்கிறாள்.

நம் கன்னியாகுமரி ஜில்லா 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலாவது. படிக்காத வீடு கிடையாது. ஆனால் வீட்டுக்குள் மனசு விட்டுப் பேசுகிற பழக்கம் நம்மிடம் எவ்வளவு குறைவு பார்.

கதை படித்து ஆகப்போவது என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது நம் தேரூர்க்காரரைத்தான். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’. நமக்குப் பள்ளியில் கவிமணி என்றால் குழந்தைப் பாட்டுதான் சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை. கணவன் செத்தால் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கு. கட்டின மனைவியும் பெற்ற பிள்ளைகளும் தெருவில். அந்த வழக்கத்தில் அகப்பட்ட ஒரு பெண், காரணவர் (குடும்பத் தலைவர்) ஒருவரின் ஐந்தாவது மனைவி, தன் கதையைத் தானே சொல்கிறாள். சிரிப்புக் காட்டிக்கொண்டே வயிற்றெரிச்சலைச் சொல்கிற பாட்டு. அந்த வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர்களோடு இந்தப் பாட்டும் சேர்ந்தது. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. ஊர் வழக்கம் என்று சொல்லி ஒரு அநியாயம் நடக்கும்போது, அதைப் பெயர் சொல்லி எழுதலாம், எழுதினால் அது மாறவும் செய்யும் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பழைய தமிழ் என்று பயந்தால் நீ வாசித்துக் காட்டு. அவளுக்கு நாலு பக்கத்திலேயே பிடித்துப்போகும்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நம் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது, நீ எடுத்துப் போய்ப் படித்திருக்கிறாய். ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று நிற்கிற முதலாளியும், அந்த ஒற்றை ஆளுக்குப் பயந்து கிடக்கிற ஊரும். அதிகாரத்துக்கு முன்னால் ஜனங்கள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று கேட்கிற வயதில் கொடுக்க வேண்டிய புத்தகம்.

இன்னொரு பையன் கடற்கரைப்பக்கம், அம்மாவோடு சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறான். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயலில் அவன் அப்பா போன வள்ளம் திரும்பவில்லை. அவன் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைத் தானாகவே தேடி எடுத்தான். எனக்கு உள்ளுக்குள் பதற்றம். கடலில் அகப்பட்டுத் தத்தளிக்கிறவர்களை வைத்துத்தான் அந்த நாவலே நகர்கிறது. வேண்டாம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. வாசித்துவிட்டு வந்து, “இதை எழுதினவர் கடலுக்குப் போற ஆளா சார்?” என்று கேட்டான். உவரிக்காரர், அந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர் என்றேன். “அதான்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டில் அப்பாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசினால் அம்மா அழும் என்று தான் நினைத்துக்கொண்டிருப்பதாகவும், தான் அழுவான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். மக்கா, எத்தனை வருஷம் அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இப்படி இருந்திருக்கிறார்கள்! புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் புயல் வருகிற பக்கங்களை வாசித்துக் காட்டினானாம். இரண்டு பேரும் அழுதார்களாம். இதைச் சொல்லும்போது அவன் முகம் தெளிந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். தானாக எடுத்ததால்தான் அவனுக்கு அது தாங்கியது என்று நினைக்கிறேன். நான் எடுத்து அவன் கையில் திணித்திருந்தால் அது கொடுமை.

உன் இளையவனுக்கு யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வாங்கி வை. 2020இல் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. பேசுகிற மரப்பாச்சிப் பொம்மை, அதோடு கூட்டுச் சேர்கிற ஒரு சிறுமி. பெரியவர் ஒருவரால் தொந்தரவுக்கு ஆளாகிற பிள்ளை அதை வெளியே சொல்லத் துணிவது எப்படி என்பது கதைக்குள்ளேயே வருகிறது. ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்காதே. ஆண்பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது, அவர்கள் இன்னும் குறைவாகச் சொல்கிறார்கள். இப்படி ஒன்று நடந்தது தெரிந்தால் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குடும்ப மானம் என்று சொல்லி அமுக்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆண் உடம்பில் பெண்ணாக உணர்கிற பிள்ளைகளைப் பற்றி நம் காலத்தில் வந்தது சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’. மனசார எழுதிய நாவல், அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். ஆனாலும் இன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் லிவிங் ஸ்மைல் வித்யா தன் கதையைத் தானே எழுதிய புத்தகத்தைத்தான் முதலில் கொடுப்பேன். அனுபவித்தவர் சொல்வதற்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது.

இப்போது உனக்கு. ஆமாம், உனக்குத்தான். இமையத்தின் ‘செல்லாத பணம்’ படி. 2020க்கான சாகித்திய அகாடமி விருது பெற்ற நாவல். எஞ்சினியரிங் படித்த மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளோடு பேசாமலேயே இருந்த தலைமையாசிரியர் அப்பா, ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு வாசலில் நிற்கிறார். கையில் பணம் இருக்கிறது. அதே ஆசிரியரின் ‘பெத்தவன்’ சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். சாதி மாறிக் காதலித்த மகளைக் கொன்றுவிடு என்று ஊரே நெருக்கும்போது ஒரு தகப்பன் என்ன செய்கிறான் என்பது கதை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த இரண்டையும் இப்போதைக்கு உன் மகள் கையில் கொடுக்காதே. நல்ல புத்தகம் என்பது வேறு, இந்த நேரத்துக்கு ஏற்ற புத்தகம் என்பது வேறு. சோர்ந்து கிடக்கிற பிள்ளைக்குச் சாவில் முடிகிற கதை வேண்டாம். இவை அப்பாக்கள் படிக்க வேண்டியவை. ‘எங்கள் வீட்டில் அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை’ என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அந்த வார்டு வாசல்தான் ஞாபகம் வந்தது. கோபிக்காதே.

இன்னொரு விஷயம், எல்லாவற்றையும்விட முக்கியமானது. அவள் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்கிற மாதிரிப் பேசுகிறாள், அல்லது கையில் கீறிக்கொண்ட தடம் தெரிகிறது என்றால் புத்தகத்துக்குக் காத்திருக்காதே. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். 14416 என்று டெலிமானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண் இருக்கிறது, ராத்திரி பகல் எப்போதும் பேசலாம், காசு கிடையாது. 104க்கும் கூப்பிடலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. உங்கள் கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. காய்ச்சலுக்குக் கூட்டிப்போவது போலவே கூட்டிப்போ. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று யோசிக்காதே.

அந்த அளவுக்கு இல்லையென்றால், நான் சொன்னதில் ‘கருக்கு’, கவிமணி, வித்யா புத்தகம் மூன்றையும் நீ முதலில் படி. படித்து முடித்ததைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடு. ‘இதைப் படி, உனக்கு நல்லது’ என்று சொல்லிக் கொடுத்தால் அன்றோடு அந்தப் புத்தகம் முடிந்தது. எடுத்தாளா, எத்தனை பக்கம் போயிருக்கிறாள், எந்த வரிக்குக் கோடு போட்டிருக்கிறாள் என்று பார்க்காதே. என்ன புரிந்தது என்று பரீட்சை வைக்காதே. வேண்டுமானால் நீ படித்ததைப் பற்றி நீ பேசு. அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனவரை நினைத்தால் உனக்கு என்ன தோன்றியது என்று வீட்டில் தங்கச்சியிடம் சொல், உன் மகள் காதில் விழட்டும். அவள் இவற்றை எல்லாம் விட்டுவிட்டு ஏதாவது பேய்க்கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் விட்டுவிடு. நாமும் அப்படித்தானே ஆரம்பித்தோம்.

‘கருக்கு’ம் ‘மரப்பாச்சி’யும் என்னிடம் இரண்டாவது பிரதி இருக்கிறது. தம்பி வெள்ளிக்கிழமை ரப்பர் ஷீட் விஷயமாக அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். மற்றவற்றை அங்கே நல்ல கடையில் கேட்டு வாங்கிக்கொள். கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லாரும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். பிள்ளையை வாசகசாலைக்கு அனுப்பு, இங்கே அவள் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் அவளிடம் எதையும் துருவிக் கேட்கமாட்டேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். ‘செல்லாத பணம்’ படித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்