ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்த தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

என் மனைவி இப்போது இரவில் தூங்குகிறாள். படுத்தால், விடியற்காலை பால்காரர் குரல் கேட்டுத்தான் எழுந்திருக்கிறாள். தலைவலி நின்று சில வாரங்கள் ஆகிவிட்டன. இதைச் சொல்லத்தான் இந்த மடல். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நடுராத்திரியில் நான் கூப்பிட்டபோது போனை எடுத்தவர்களே நீங்கள்தான். அந்த நாட்களை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை, அவளுக்கும் இல்லை. மனதில் இருக்கும் நன்றியைச் சூடு குறைவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடைசியில் என்ன வியாதி என்று கண்டுபிடித்தார்கள் எனப் பலரும் கேட்டீர்கள். கிளஸ்டர் தலைவலி. தலையின் ஒரே பக்கத்தில், கண்ணைச் சுற்றி வரும் வலி. கால் மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம்வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும், இமை தொங்கும். மூக்கு அடைப்பதால் சைனஸ் என்று நினைக்கிறார்கள், தாடைவரை இழுப்பதால் பல் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் நடந்தது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய், அதிலும் ஆண்களுக்கே அதிகம். ஒரு பெண் இதைச் சொல்லிக்கொண்டு வந்தால் மைக்ரேன் என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

இது மைக்ரேன் இல்லை என்று சொன்ன நரம்பியல் டாக்டருக்கு முதல் நன்றி. ஸ்கேன் கவர்களை ஓரமாக வைத்துவிட்டு அவளிடமே கேட்டார்: "வலி வரும்போது படுத்துக்கிடப்பீங்களா, நடப்பீங்களா?"

"படுக்கவே முடியாது டாக்டர். ஹாலுக்கும் அடுப்படிக்குமா நடந்துகிட்டே இருப்பேன்."

"எத்தனை மணிக்கு வரும்?"

"ராத்திரி ஒரு மணிக்கு. கடிகாரம் பார்க்கவே வேண்டாம்."

மைக்ரேன் வந்தவர்கள் இருட்டறையில் அசையாமல் கிடப்பார்கள், இந்த வலி வந்தவர்களால் ஓர் இடத்தில் உட்காரவே முடியாது என்றார். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி, உடம்பின் கடிகாரம் இருப்பதும் அங்கேதான், இந்த நோயில் அதற்குப் பங்கு இருப்பதால்தான் மணி தவறாமல் வருகிறது என்று சீட்டிலேயே படம் போட்டுக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்த அவள் கை அந்தப் படத்தைப் பார்த்தபடியே அடங்கியது. தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறுதியானது.

தடுப்பதற்கு வெரபமில் மாத்திரை எழுதினார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைதான். ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கும் என்பதால் ஈசிஜி எடுத்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும். அது வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. வலி வந்துவிட்டால் போட்டுக்கொள்ள சுமாட்ரிப்டான் ஊசி, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது. இரவில் அதற்கு மேலும் வந்தால்? அதற்குத்தான் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 12 லிட்டர், 15 நிமிடம், பை வைத்த மாஸ்க் என்று சீட்டில் தெளிவாக எழுதினார். 2009-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இப்படிக் கொடுத்தபோது 78 சதவீத வலிகள் கால் மணி நேரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. வெறும் காற்றைக் கொடுத்தபோது 20 சதவீதம்தான். இதையும் அவரே சொன்னார், நாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக.

நாங்கள் நம்பினோம். கடைக்காரர்கள் நம்பவில்லை. "தலைவலிக்கு ஆக்சிஜனா?" என்று ஓர் இடத்தில் சிரித்தார்கள். மூச்சுத்திணறல் என்று எழுதி வாங்கிவந்தால் தருகிறோம் என்றார்கள் இன்னோர் இடத்தில். அப்படிச் சுற்றித்தான் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதலாளி வெளியே போயிருந்தார். சிலிண்டர் ஏற்றி இறக்கும் தம்பி ஒருவர் மட்டும் இருந்தார். இந்த மடலின் பெரும்பகுதி அவருக்குத்தான்.

சீட்டை வாங்கி ஒரு முறை படித்தார். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை படித்தார். சிரிக்கவில்லை. "யாருக்கு அண்ணாச்சி, மதினிக்கா? ராத்திரிக்கு எத்தனை தடவை வருது?" என்று கேட்டார். இரண்டு, சில நாள் மூன்று என்றேன். பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"இந்த பி டைப் சிலிண்டர்ல 1500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 12-ன்னா 125 நிமிஷம் வரும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம்னு வச்சா எட்டுத் தடவை. ராத்திரிக்கு மூணுன்னா ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணாவது வலிக்கு சிலிண்டர் காலி. அன்னைக்கு ஃபில்லிங் கிடையாது. நீங்க ரெண்டு எடுத்துட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது. என்னிடம் ஒரு சிலிண்டருக்கு டெபாசிட் கட்டத்தான் பணம் இருந்தது. சொன்னேன். அவர் நோட்டை எடுத்து இரண்டாவது சிலிண்டரைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி நீங்க எங்க போய் நிப்பீங்க?" என்றார், அவ்வளவுதான்.

இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர், அதற்கெல்லாம் நன்றி உண்டு. ஆனால் அவளுடைய வலியை இத்தனை மணிக்கு இத்தனை முறை வரும் என்று அப்படியே எடுத்துக்கொண்டு, எந்த இரவில் எந்த வலிக்குக் கையில் ஒன்றும் இருக்காது என்பதுவரை யோசித்தவர் அவர் ஒருவர்தான். அவளை அவர் அதுவரை பார்த்தது கூடக் கிடையாது.

இரண்டையும் அவரே வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து ஏறினார். சாய்ந்து விழாமல் இருக்க ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த மாஸ்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஆகாது அண்ணாச்சி, இதுல பாதி வெளிக்காத்துதான் போகும்" என்று சொல்லி, பை தொங்கும் மாஸ்க் ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்தார். பையை விரலால் அடைத்து நிரப்புவது, ஸ்பேனரால் வால்வைத் திறப்பது, எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் எங்கே வந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்பது எல்லாம் என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தார்.

அவர் கிளம்பும் நேரத்தில் வலி வந்துவிட்டது. அன்று பார்த்து நேரம் தப்பி வந்தது. அத்தை வழக்கம்போல அவள் நெற்றியெல்லாம் தைலம் தடவிக்கொண்டிருந்தார். வாசம் வந்ததும் தம்பி பதறிவிட்டார். "தைலத்தோட மாஸ்க் போடக் கூடாது மதினி, எண்ணெய்ப் பசை ஆக்சிஜனுக்கு ஆகவே ஆகாது, தீப்பிடிச்சிரும். முகத்தை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றார். பூஜை அறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் அவரே அத்தையிடம் கேட்டுக்கொண்டு குளிர வைத்தார். அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்பக்கம் குனிந்த மாதிரி உட்கார வைத்தோம். மாஸ்க்குக்கு மேலே இடது கண் சிவந்து, நீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அப்படித் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அந்தத் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண் மட்டும், ஆக்சிஜன் எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரில். உள்ளே இருக்கும் உருண்டை 12-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் கையை நீட்டிக் கொஞ்சம் திருகிவிடுவார்.

பை சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியிருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. மாஸ்கைத் தூக்கி, "குறையுது" என்றாள். அத்தை அழ ஆரம்பித்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் வச்சிருங்க மதினி" என்றார் தம்பி, திரும்பாமலே.

ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் அவசரமாகக் கிளம்பிப் போனார், கடையைப் பூட்ட வேண்டும் என்று. அதற்குப் பின்னும் சிலிண்டர் மாற்ற வரும்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது, "மதினி தூங்குதாங்களா?" தம்பி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: தூங்குகிறாள்.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். பல்லில் ஒன்றுமில்லை, பிடுங்க மாட்டேன் என்று உறுதியாக மறுத்த பல் டாக்டர். கொரோனா சமயத்தில் வாங்கிய கான்சன்ட்ரேட்டரை, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினை, தூக்கிக்கொண்டு வந்த எதிர்வீட்டு சார். அது நிமிடத்துக்கு 5 லிட்டர் தருவது, இந்த வலிக்குப் போதாது என்று பிறகு தெரிந்தது, ஆனால் எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை என்று சொன்ன உங்கள் முகம் எனக்கு மறக்காது. தங்கள் தலைக்கு மேல் யார் இந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்காத இரண்டாவது மாடிக் குடும்பம். காலை முதல் வகுப்பை அவளிடமிருந்து எடுத்துத் தான் பார்த்துக்கொண்ட தலைமையாசிரியை. ஒவ்வொரு முறையும் ஈசிஜிக்குப் போனபோது அவளைக் காத்திருக்க விடாத நர்ஸ். குழந்தைகளைத் தன் வீட்டிலேயே தூங்க வைத்த என் தங்கை. மருமகள் என்று பார்க்காமல் கூடவே விடியவிடிய நடந்த என் அம்மா, வந்த நாளிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வராத அத்தை.

இந்த நோய் சிலருக்கு ஓயாமல் வருவது. அவளுக்கு வந்தது இடைவெளி விட்டு வரும் வகை. இந்தத் தடவை அடங்கிவிட்டது. மறுபடி வரலாம், பலருக்கு ஆண்டுதோறும் அதே பருவத்தில் வருகிறது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால் வயிறு கலங்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தத் தடவை வந்தபோது கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தோம். அடுத்த தடவைக்கு என்று ஒரு சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம், முள் எங்கே நிற்கிறது என்று அவளே பார்த்துக்கொள்கிறாள்.

டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஆக்சிஜன் எழுதும்போது எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம், எந்த மாஸ்க் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். எங்கள் டாக்டர் அப்படி எழுதியதால்தான் அந்தத் தம்பியால் கணக்குப் போட முடிந்தது.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ யாருக்காவது டாக்டர் இது கிளஸ்டர் தலைவலிதான் என்று சொல்லி ஆக்சிஜன் எழுதிக்கொடுத்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றால், எங்களைத் தெரிந்தவர்கள் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். எங்களிடம் இருக்கும் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொண்டுவருகிறோம், புது மாஸ்க் வாங்கித் தருகிறோம், மாட்டிக் காட்டுகிறோம். இரவு ஒரு மணியானாலும் பரவாயில்லை, அந்த நேரம் எங்களுக்குப் பழக்கம்தான். வலியில் இருப்பவரால் பேச முடியாது. வீட்டில் வேறு யாராவது கூப்பிடுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் இருவரும்