வேப்பமரத்தடி அணில் குட்டி

எல்லோருக்கும் வணக்கம். காலையில் பி பிளாக் வேப்பமரத்தடியில் ஓர் அணில் குட்டி விழுந்து கிடந்தது. கண்கூடத் திறக்கவில்லை, பின்னங்காலில் ரத்தம். யாரோ நல்ல மனசோடு பசும்பால் ஊற்றியிருக்கிறார்கள். மூக்கில் நுரை தள்ளிவிட்டது. தயவுசெய்து பால் வேண்டாம். நுரையீரலுக்குள் போய்விடும், பேதியும் ஆகும்.

முதல் வேலை சூடு. உடம்பு சில்லென்று இருக்கும்போது எதைக் கொடுத்தாலும் செரிக்காது. பழைய பனியனில் சுற்றி, ஓட்டை போட்ட செருப்பு டப்பாவில் வைத்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வையுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடித்தால் போதும். மஞ்சள், டெட்டால் எல்லாம் வேண்டாம்.

பூனை கவ்வியது என்றால் கீறல் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பூனைப் பல்லின் கிருமி குட்டியைக் கொன்றுவிடும், ஆன்டிபயாடிக் இல்லாமல் தாங்காது.

காயமே இல்லையா? சூடேறியதும் அதே மரத்தடியில் டப்பாவைத் திறந்து வைத்து, தள்ளி நின்று பாருங்கள். மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா கதை, கவ்விக்கொண்டு போய்விடும்.

இந்தக் குட்டி இப்போது என்னிடம். மதியம் மருத்துவரிடம் கொண்டுபோகிறேன். கூட்டில் இருந்து இன்னொன்றும் விழுந்திருக்கலாம், அந்தப் பக்கம் வண்டி எடுப்பவர்கள் ஒருமுறை கீழே பார்த்துவிட்டு எடுங்கள்.