ஏழு குரோஸ்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில்தான் சொல்லியாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னது நம் குரோஸின் சாவுச் செய்தி மட்டும். பின்னால் கொட்டுச் சத்தம் வேறு. நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காடாத்து முடிந்த மறுநாள் அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். அதை உன்னிடம் வாயால் சொல்ல வராது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நடந்தது. கடையை அடைத்துவிட்டு வந்து பத்து மணிக்குச் சாப்பிட்டிருக்கிறான். நெஞ்சு கரிக்கிறது என்று ஒரு சோடா. விடிவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் மூன்று மணிக்கு எடுத்தார்கள். நீர்மாலைக்கு நானும் போனேன். உன் பெயரைச் சொல்லி ஒரு மாலை போட்டேன். 150 ரூபாய், நீ தர வேண்டாம். கூட்டம் நான் நினைத்ததற்கு மேல். பாதிக்கு மேல் கிழவிகள், எல்லாரும் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்த அவனிடம், குச்சி அடுக்கிய கட்டைக் கணக்குச் சொன்னவர்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு, "ஒரு கட்டை குறைத்து எழுதியிருப்பானா என் ராசா" என்று அழுதாள். அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும். எத்தனை கணக்குப்பிள்ளைகளைப் பற்றி அப்படி ஒப்பாரி வைத்திருப்பார்கள்?

குரோஸ் என்ற பெயரை நீ வைத்தாயா, நான் வைத்தேனா? நான்தான் என்று நான் சொல்வேன், நீதான் என்று நீ சொல்வாய். இந்தச் சண்டை வரும்போதெல்லாம் அவனைத்தான் கேட்போம். அவனும் ஒவ்வொரு தடவை ஒவ்வொருத்தன் பக்கம் சொல்லி வைப்பான். இனி அந்த வழக்கு அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

ஆனால் பெயர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறாம் வகுப்பு. அப்போதெல்லாம் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நடுவீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். அவன் நகக்கண்ணில் எப்போதும் லேசாக ஒரு நீலம். 144 பெட்டிக்கு ஒரு குரோஸ், குரோஸுக்கு இத்தனை காசு என்று கூலி. கணக்கு வாத்தியார் 144-ஐ ஏழால் பெருக்கச் சொன்னார். நாம் சிலேட்டைத் துடைத்து முடிக்கவில்லை, கடைசி வரிசையிலிருந்து, "ஏழு குரோஸ், ஆயிரத்தெட்டு சார்" என்றான். "எப்படிடா?" என்று கேட்டதற்கு, "நேற்று ராத்திரி ஒட்டினோம் சார், செண்பகவல்லி அம்மனுக்கு அர்ச்சனை மாதிரி வந்துவிட்டது" என்றான். வாத்தியார் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்படிப்பட்டவன் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். எம்.ஜி.ஆர். முதலமைச்சரான 1977, அரைப் பரீட்சை முடிந்த விடுமுறை. பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் இடம் காலி. சரித்திரப் பாடம் ஏறவில்லை, வாத்தியார் பிரம்புக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று ஒரு கதை. "பானிப்பட்டுப் போரில் செத்தவன்" என்று நீ பட்டம் கட்டினாய். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உன் மகள் கல்யாணத்தில், பந்தியில், அவன் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னோமே! அவனும் இலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். "மூன்று போர் மாப்பிள்ளை, ஒன்று என்றால் சமாளித்திருப்பேன்" என்றான்.

அந்தக் கதையே பொய்.

கேதம் கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அக்கா வந்து உட்கார்ந்தாள். உனக்கு அவளை நினைவிருக்கும். நமக்கு மூன்று வயது மூத்தவள், தாவணியை எப்போதும் வலக்கையில் சுற்றிக்கொண்டே நடப்பாள். வெட்கம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அன்று அந்தக் கையை என் முன்னால் நீட்டினாள். முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி, மெழுகு வழிந்து உறைந்த மாதிரி இருக்கிறது. மருந்து முக்குகிற இடத்தில் தீப்பிடித்திருக்கிறது. எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. அது இப்போது இல்லை, முதலாளியும் இல்லை. அவர்கள் அப்பாவின் கடனுக்காக அம்மா அவள் பெயரில் அங்கே 200 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தாள். கை வெந்தால் கடன் வேகுமா? அடுத்த வாரம் விடியற்காலை நான்கு மணிக்கு ஆபீஸ் பஸ் வந்து நின்றபோது, அக்கா ஏற வேண்டிய இடத்தில் இவன் ஏறியிருக்கிறான். யாரும் போகச் சொல்லவில்லையாம். முந்தின நாள் ராத்திரியே டப்பாவில் கஞ்சியை ஊற்றி வைத்துக்கொண்டானாம்.

"என் கணக்கை அவன் தீர்த்தான். ஒன்றரை வருஷம்" என்றாள். "ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டான். கை இப்படி என்று தெரிந்தால் என்னை யார் கட்டுவார்கள் என்று அவனுக்குக் கவலை. பதின்மூன்று வயதுப் பயலுக்கு!"

பிரம்புக் கதையைக் கிளப்பிவிட்டதும் அவனேதானாம்.

மாப்பிள்ளை, எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகாவது நம்மிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? நாம் என்ன, ஊரைக் கூட்டியா சொல்லப் போகிறோம்? பந்தியில் அவனோடு சேர்ந்து சிரித்தோம் என்று நினைத்திருந்தேன். இப்போது நாம் மட்டும் சிரித்த மாதிரி இருக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். "சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான் தம்பி" என்றாள். எனக்கு அது சமாதானமாக இல்லை. உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று எழுது.

கடையைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாது. இயந்திரம் வந்து சின்ன ஆபீஸ்கள் மூடியபோது அவன் கணக்குப்பிள்ளை வேலையும் போயிற்று. எட்டயபுரம் சாலையில் பெட்டிக்கடை போட்டான். வெற்றிலை, பழம், கடலைமிட்டாய் எல்லாம் உண்டு. லைட்டர் மட்டும் கிடையாது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியைத் தின்றுவிடும் என்பான். கேட்டு வருகிறவனிடம் ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டுவான். வியாபாரம் கெடுகிறதே என்றால், "கெடட்டும், நான் எழுதிய கட்டைக் கணக்குக்கு நானே துரோகம் செய்யவா?" 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023-இல் தடை வந்த அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தான் பாவி.

2021 டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆயிற்று. பெட்டிக்கு 36 குச்சி என்றிருந்ததை 50 ஆக்கினார்கள். இவன் விடுவானா? முதல் பண்டல் வந்ததும் நாலு பெட்டியைப் பிரித்துக் கல்லாமேல் கொட்டி எண்ணினான். ஒன்றில் 47. அந்தப் பெட்டியை விற்கவே இல்லை. துஷ்டி வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். மேலே பேனாவால் 47 என்று எழுதியிருந்தது. விளக்கேற்ற அவன் மருமகள் அதிலிருந்துதான் ஒரு குச்சி எடுத்து உரசினாள். இப்போது 46.

வேறு செய்தி சொல்லும்படியாக இல்லை. என் இடது முழங்கால் கதிரேசன் மலைப் படியைக் கண்டால் முறைக்கிறது. நம் பக்கம் கம்பும் சோளமும் போன இடமெல்லாம் மக்காச்சோளம். அதைத் தின்னக் காட்டுப்பன்றி. பன்றிக்குக் காவலாக ராத்திரியெல்லாம் டார்ச் வெளிச்சம். மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரனை நான்தான் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். நேற்று அவனிடம் 144-ஐ ஏழால் பெருக்கச் சொன்னேன். "எதுக்குத் தாத்தா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.

பதினாறாம் நாளுக்கு நீ பூனாவிலிருந்து வருவது கஷ்டம், தெரியும். ஆனால் ஒரு காரியம் செய். 1980-இல் கோவில்பட்டியில் பத்தாம் வகுப்பு முடிக்கும்போது எடுத்த குரூப் போட்டோ உன்னிடம் இருக்கிறதல்லவா? என் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. அன்று அவன் ஆபீசில் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடி வந்து, நம் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். போட்டோக்காரர் இரண்டு தடவை, "அந்தப் பையன் தள்ளிப் போ" என்றார். இரண்டு தடவையும் ஒரு அடி நகர்ந்தான். மூன்றாவது தடவை அவர் சொல்வதற்குள் பட்டனை அழுத்திவிட்டார் என்றுதான் எனக்கு நினைவு. படத்தில் இடது ஓரம், வேப்பமரத்தை ஒட்டிப் பார். ஒரு முழங்கையும் நம் பைகளின் வாரும் தெரிய வேண்டும். உன் கண் சரியில்லை என்றால் மகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல். இருந்தால் அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்து அனுப்பு. அக்காவுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்