ஃபுளோரன்ஸ் சுற்றுலா: செவ்வாய்க்கிழமைத் திட்டம்

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் 13, செவ்வாய் காலை 7.45 மணிக்குப் பேராலயத்தின் எதிரே, ஞானஸ்நான மண்டபத்துக் கிழக்கு வாசலில் கூடுகிறோம். பொன்னிறத்தில் பத்துச் சிற்பப் பலகைகள் பதித்த கதவு. கண்ணில் படாமல் போகாது.

1. பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. பாதை குறுகல். முழங்கால் வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் வீம்புக்கு ஏற வேண்டாம்.
2. டிக்கெட்டில் உள்ள நேரத்துக்குள் வந்துவிடுங்கள்.
3. தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். பெரிய பை கூடாது.
4. சிக்னோரியா சதுக்கத்தில் நிற்கும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நகல்தான். மூலச் சிலை 1873 முதல் அகாதெமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்பகலில் அங்கே போகிறோம். செல்ஃபி ஆசையை அதுவரை அடக்கிவையுங்கள்.

படி ஏறுபவர்கள் ஞாயிறு இரவு 9 மணிக்குள் பெயருடன் பதில் அனுப்புங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.