பேட்டரியை இனி ஏன் பிரிக்க மாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி பெட்டியைப் பிரித்து, கெட்டுப்போன செல்லை மட்டும் மாற்றித் தரும் வேலையை இந்த மாதத்தோடு நம் கடையில் நிறுத்திவிட்டோம். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' சார்ஜர் விற்பதையும் விட்டாயிற்று. "கொஞ்சக் காசில் முடிகிற வேலைக்குப் புது பேட்டரி வாங்கச் சொல்றீங்களே அண்ணே" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பெட்டிக்குள் கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய செல்கள் வரிசை வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே வயது, ஒரே குணம். அதில் நாலை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால், கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டிய ஏர் கணக்குத்தான். ஒன்று சீக்கிரம் நிறையும், இன்னொன்று நிறையாது. அளவு மீறி நிறைந்த செல் உள்ளே சூடாகும்; ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும்; பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். வண்டிக்குப் பொருந்தாத சார்ஜர் போட்டாலும் இதே ஆபத்துதான். இதைத் தடுக்கத்தான் பெட்டிக்குள் பிஎம்எஸ் என்ற காவல்கார போர்டு இருக்கிறது. பிரிப்பவர்கள் பல நேரம் முதலில் கைவைப்பது அதில்தான்.

போன மாதம் ஒரு வண்டி வந்தது. சீட்டைத் தூக்கியதும் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை. செல்லுக்குள் இருக்கும் திரவம் கசிந்தால் அப்படித்தான் அடிக்கும். வேறெங்கோ பிரித்து, ஈயம் வைத்து ஒட்டி, பிரவுன் டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி ஒரு பக்கம் உப்பியிருந்தது. அதைக் கழற்றிக் கடைக்குப் பின்னால் வெட்டவெளியில் வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அந்த வீட்டில் அது தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததாம்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுமுட்டி இறந்துபோனார்கள். அந்த வருடம் நாட்டில் இன்னும் பல ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்கிற, எலக்ட்ரிக் வண்டி பேட்டரிக்கான பாதுகாப்பு விதியை மத்திய அரசு இறுக்கியது. 2022 டிசம்பர் 1-இல் ஒரு பகுதியும், 2023 மார்ச் 31-இல் மறுபகுதியும் அமலுக்கு வந்தன. ஒரு செல் எரிந்தாலும் பெட்டி முழுக்கத் தீ பரவக்கூடாது என்பது அதில் முக்கியமான சோதனை. அதனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்க்கும் முன் தயாரித்த தேதியைப் பாருங்கள்.

எல்எஃப்பி என்கிற இரும்பு பாஸ்பேட் பேட்டரி, நிக்கல் கலந்த என்எம்சி பேட்டரியைவிடச் சூட்டைத் தாங்கும். கொஞ்சம் கனம், அவ்வளவுதான். எங்களைக் கேட்டால் நம்மூர் வெயிலுக்கு அதுதான் தோது.

உண்மையில் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு பேட்டரியில் இல்லை, பிளக் பாயிண்டில். பிளக்கை உருவினால் பின் கருத்திருக்கும், சாக்கெட் ஓட்டை இளகி முட்டை வடிவமாகியிருக்கும். வண்டி சார்ஜர் மணிக்கணக்கில் கரண்ட் இழுக்கிற சாமான். மிக்ஸி, டிவியோடு ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். எர்த் உள்ள தனி பாயிண்ட் வேண்டும். வண்டியை மாடிப்படிக்குக் கீழேயும் வாசலை அடைத்தும் வைக்காதீர்கள். தீ வந்தால் நீங்கள் ஓட வேண்டிய வழி அது. வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாமல், காபி குடித்துவிட்டுப் போடலாம்.

மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே வேண்டாம். பேட்டரியில் ஐபி 67 என்ற நீர் புகாத் தரக்குறி போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். இரண்டு நாள் வெள்ளத்துக்கு அது கணக்கில்லை. உள்ளே போன நீர் சில நாள் கழித்துக்கூட ஷார்ட் ஆக்கும். அப்புறம், பேட்டரி எரிந்தால் தீயணைக்கும் சின்ன பவுடர் சிலிண்டரை நம்பி நிற்காதீர்கள். பவுடர் சுவாலையை அமர்த்தும், உள்சூட்டைத் தணிக்காது. அணைந்தது மறுபடி பற்றும். ஆட்களை வெளியேற்றிவிட்டு தீயணைப்புத் துறையின் 101-க்கு அடியுங்கள்.

"எலக்ட்ரிக் எதுக்கு, ஹைட்ரஜன் வண்டி வருதாமே, பொறுத்து வாங்கலாமா?" இதை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். முதலில் ஒன்று: இப்போது பேசப்படுகிற ஹைட்ரஜன் காரும் கரண்ட் வண்டிதான். தொட்டியிலிருக்கும் வாயுவைக் காற்றோடு சேர்த்து உள்ளேயே மின்சாரமாக்கி மோட்டாரைச் சுற்றும். புகைக்குழாயில் தண்ணீர்தான் வரும். 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்துக்கு வந்திறங்கிய டொயோட்டா மிராய் கார் அந்த வகை.

ஹைட்ரஜன் வெடிக்காதா என்றால், அதற்கு அதன் குணம் தெரிய வேண்டும். சமையல் கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும். ஹைட்ரஜன் சட்டென்று மேலே பறந்துவிடும். திறந்தவெளியில் அது நல்லது. கூரை போட்ட ஷெட்டில் நல்லதல்ல, மேலே சேர்ந்துவிடும். வாசனை கிடையாது, பகலில் சுவாலை கண்ணுக்கே தெரியாது. சிஎன்ஜி ஆட்டோ சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால், மிராய் தொட்டியில் 700. தொட்டி கார்பன் இழையில் சுற்றிய, மிகப் பலமான சாமான். 2019 ஜூனில் நார்வேயில் ஓஸ்லோ பக்கம் வெடித்ததும் காரல்ல, நிரப்பும் நிலையம். உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் போல்ட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தார்கள். போல்ட் முறுக்கிப் பிழைக்கிற எங்களுக்கு அந்தச் செய்தி வயிற்றைக் கலக்கியது.

செலவுக் கணக்கு அதைவிடக் கடினம். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். அதில் கார் சுமார் 100 கி.மீ. ஓடும். அதே 50 யூனிட்டை நேராக ஒரு எலக்ட்ரிக் காருக்கு ஏற்றினால் 300 கி.மீ.யைத் தொடும். அதனால் ஸ்கூட்டருக்கோ வீட்டுக் காருக்கோ ஹைட்ரஜன் வருமென்று காத்திருப்பது வீண் என்பது எங்கள் அபிப்பிராயம். கனரக லாரி, ரயில் என்றால் கதை வேறு. சென்னையில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயிலின் எஞ்சின் பெட்டியை 2025 ஜூலையில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். நாங்கள் முன்பு விற்ற, எல்லா வண்டிக்குமான அந்தப் பொது சார்ஜர் உங்களிடம் இருந்தால் கொண்டு வந்து கொடுங்கள். அன்று வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறோம். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நகருக்குள் இருப்பவர்கள் சொல்லி அனுப்பினால், பையன் வந்து பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிக் கடையிலிருந்து