தனியே மலை நடப்பவருக்கு ஒரு சீட்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைப்பாதையில் தனியாக நடக்காதீர்கள் என்று தை, மாசியில் தவறாமல் அறிவுரை வருகிறது. நடக்கிறவர்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, தனியாகவே நடந்து தபால் கொடுத்தவன் நான். எனக்குத் துணை வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஆகையால் நடப்பதைத் தடுக்கச் சொல்லி எழுதவில்லை. போனவர் திரும்பாவிட்டால் எங்கே தேடுவது என்பதே என் கவலை.

என் மகள் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரான்டாக் மலைகளுக்கு அருகில் குடியிருக்கிறாள். போன மார்ச்சில் அங்கே பனிக்காலணி கட்டிக்கொண்டு ஒரு மலைப்பாதையில் தனியாகப் போய்வந்தேன். சுளகு போல அகன்ற சட்டம், அடியில் உலோகப் பற்கள், குதிகால் தூக்க வசதியாக முன்பாதத்தில் மட்டும் பிணைப்பு. உடல் எடை பரவிவிடுவதால் கால் புதைவதில்லை. அங்குள்ள உயர்சிகரப் பகுதியில் 8 அங்குலப் பனி கிடந்தாலே இதுவோ பனிச்சறுக்குப் பலகையோ இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வெறும் பூட்ஸ் பதிந்த குழி இரவில் இறுகிவிடும். பின்னால் வருகிறவர் அதில் காலை முறித்துக்கொள்வார். இத்தனைக்கும் அந்த மாநிலத்திலேயே உயர்ந்த மார்சி சிகரம் 1,629 மீட்டர்தான். நம் குன்னூர் அதைவிட உயரத்தில் இருக்கிறது!

அங்கே பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டி, அதனுள் ஒரு நோட்டு. பெயர், எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் குறிக்க வேண்டும். பக்கத்தில் காவலுக்கு ஆள் கிடையாது. ஒருவரைக் காணவில்லை என்றால் எந்தப் பாதையில் தேடுவது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

இங்கே விழுவது உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் தரை காய்ந்திருக்கும்போதே ஓடைக்கரைப் புல் வெளுத்து வழுக்கும். அப்படிப் பனியில் கருகிய புல் மாசியில் தீக்கு இரையாகக் காத்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வனத்துறையின் பாதைகளில் இன்று முன்பதிவும் வழிகாட்டியும் உண்டு. நல்லது. ஆனால் ஹட்டிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதைகள் எவர் கணக்கிலும் இல்லை. கரடியும் காட்டுமாடும் நடமாடுவதும், செல்போனில் சிக்னல் அறுந்துபோவதும் அங்கேதான். வெளியூரிலிருந்து தனியாக வந்தவர் அங்கே கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டால், தங்கும் விடுதியில் அவரைத் தேடுவது மறுநாள் அறையைக் காலி செய்யும் நேரத்தில்தான்.

திறந்து கிடக்கும் நோட்டு நமக்கு ஒத்துவராது. ஒரு பெண் தனியாகப் போயிருக்கிறாள் என்பதை வழியில் போகிறவரெல்லாம் படிக்கும்படி வைப்பது வேறொரு ஆபத்து. பாதை பிரியும் பஸ் நிறுத்தங்கள் பலவற்றில் விடியுமுன்பே திறக்கும் டீக்கடை இருக்கிறது. பெயர், போகும் திசை, திரும்பும் நேரம், வீட்டாரின் போன் எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, ஒட்டிய உறையில் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நடக்கட்டும். திரும்பியதும் அதை வாங்கிக்கொண்டு போகட்டும். கடை சாத்தும்போது ஓர் உறை மிஞ்சினால் காவல் நிலையத்துக்கு ஒரு போன். உள்ளாட்சி நிர்வாகம் தாளையும் உறையையும் கொடுத்தால் போதும்.

வேறு வழியாக இறங்கி அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் தகவல் சொல்வதற்காக, கடையின் போன் எண்ணைச் சீட்டின் அடியில் கிழித்து எடுத்துக்கொள்ளும்படி அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
கோத்தகிரி.