பெஞ்சை மூடிய பூக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராக் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 22 அன்று காலமானபோது, நான் படித்த அஞ்சலிக் குறிப்புகள் பலவற்றில் அவர் மேடையில் வௌவாலைக் கடித்த கதைதான் முந்திக்கொண்டு நின்றது. அது நடந்தது 1982-இல். 76 வயது வரை வாழ்ந்த ஒரு கலைஞனை அந்த ஒற்றை இரவை வைத்தா எடைபோடுவது? மனம் வலித்தது.

ரசிகர்கள் அப்படி நினைக்கவில்லை. ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், பிராட் ஸ்ட்ரீட்டில் இறுதி ஊர்வலம் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அங்கே அவர் பாடிய ராக் இசைக்குழுவான பிளாக் சாபத் பெயரிலேயே ஒரு பாலம் இருக்கிறது. அதன்மேல், குழுவினர் நால்வரின் முகங்கள் பொறித்த பெஞ்சு. அது கண்ணுக்கே தெரியாதபடி பூங்கொத்துகளும் கையெழுத்துக் கடிதங்களும் குவிந்திருந்தன. மனைவி ஷரோன் காரிலிருந்து இறங்கி, பிள்ளைகள் தாங்கிப் பிடிக்க, அழுதபடி பூ வைத்தார். கூட்டம் ‘ஓஸி, ஓஸி’ என்று முழங்கியது.

முழங்காமல் என்ன செய்யும்? அவர் அந்த ஊரின் ஆஸ்டன் பகுதித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியோ தகடு ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். ஆலைச் சத்தத்தோடு வளர்ந்த பையன்கள் 1968-இல் சேர்ந்து உருவாக்கிய இசை அது.

இறப்பதற்குப் பதினேழு நாள் முன்பு, ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில் அவர் கடைசியாகப் பாடினார். பார்கின்சன் நோயால் நிற்க முடியவில்லை; கறுப்பு நாற்காலியில் அமர்ந்தபடியே கைதட்டிப் பாடினார். அந்த நிகழ்ச்சியின் வருமானம் பார்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகளுக்கான பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அஞ்சலிக் குறிப்பின் முதல் வரியில் இதை எழுதியிருக்கலாம்.

ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்